கிழக்கே ஓடாத ஆறு

ஜெர்மனியில் ரைன் என்று ஒரு ஆறு ஓடுகிறது. அதில் எந்தப் படகு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்தத் துறையில் யார் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் சங்கரன்கோவிலில், எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து முடிவு செய்தவர் என் வீட்டுக்காரர். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலையில் இருந்த காலத்தில் கூண்டு மாதிரி ஒரு அறைக்குள் இருந்துகொண்டு, விசில் ஊதி, "எடுலே வண்டிய, டைம் ஆச்சு" என்று டிரைவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆன பிறகு அதட்ட ஆளில்லை, நான்தான் கிடைத்தேன். மதியச் சாப்பாடு கொஞ்சம் பிந்தினாலும் "வண்டி லேட்டு" என்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. கிளை நூலகத்தில் வேலை பார்த்து, "சத்தம் போடாதீங்க" என்று ஊரையே அடக்கியவள். ஒரு முறை முறைத்தால் அடங்கிவிடுவார்.

எங்களுக்கு ஒரே மகள். படிக்கப் போகிறேன் என்று ஜெர்மனிக்குப் போனாள். படிப்பு முடிந்ததும் வேலை என்றாள். ரைன் கரையில் மைன்ஸ் என்ற ஊரில் இருக்கிறாள். ஒவ்வொரு தடவை ஊருக்கு வந்து திரும்பும்போதும் "இன்னும் ரெண்டே வருஷம்மா" என்பாள். அந்த ரெண்டு வருஷம் வளர்ந்துகொண்டே போனது. எதிர்வீட்டு அக்கா கோலம் போட வரும்போதெல்லாம் கேட்பாள்: "ஏட்டி, மக எப்பம் திரும்பி வாரா?" நான் "அடுத்த வருஷம்க்கா" என்பேன். அந்த அக்காவிடம் நான் சொன்ன அடுத்த வருஷங்களைச் சேர்த்துவைத்தால் ஒரு நூற்றாண்டு தேறும்.

எனக்கு அவளிடம் கேட்க வேண்டியது அந்த ஒரே கேள்விதான். வருவியா, மாட்டியா? போனில் கேட்டுப் பார்த்துவிட்டேன். அதுவரை கணீரென்று கேட்டுக்கொண்டிருக்கும் குரல், "அம்மா, சிக்னல் சரியில்ல" என்று கரகரக்கும். அப்படி என்ன சிக்னலோ, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கட்டாகிற சிக்னல். நேரில், முகத்தைப் பார்த்துக் கேட்டாலொழிய பதில் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் அவளே "ரெண்டு பேரும் கோடைக்கு இங்கன வாங்க" என்றாள். வார நாட்களில் அவளுக்கு ஆபீஸ். நாங்கள் இரண்டு பேருமாக ரயிலிலும் படகிலும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும்படி ஆற்றங்கரை ஊர்களைச் சுற்றிக்கொள்ள வேண்டும். கடைசிச் சனிக்கிழமை மட்டும் அவளும் கூட வருவாள், மூன்று பேரும் நாள் முழுக்கப் படகில் போகலாம். அந்தச் சனிக்கிழமையை நான் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். அன்றைக்குக் கேட்டுவிடுவது.

என் வீட்டுக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. இத்தனை காலம் ராஜபாளையம், சிவகிரி, பனவடலிசத்திரம் என்று ஓடிய மூளைக்கு ஒரு வெளிநாட்டு டிப்போவே கையில் கிடைத்துவிட்டது. சாக்பீஸ் வாங்கி வந்து ஹால் தரையில் ரைன் ஆற்றை வரைந்தார். டிவிக்குக் கீழே மைன்ஸ். பூஜை அறை வாசலில் கோப்ளென்ஸ். நடுவில் பிங்கன், பாக்கராக், சங்க்ட் கோவார் என்று வாயில் நுழையாத ஊர்களாக ஒரு வரிசை. ஆற்றின் இரண்டு கரையிலும் ரயில் ஓடுகிறதாம், ஆனால் நடுவே பாலமே கிடையாதாம். "எந்தக் கரையில ஏறுதோம்னு பாத்து ஏறணும் ஏட்டி. கரை மாறி ஏறிட்டா அம்புட்டுதான்" என்று என்னை எச்சரித்தார். நான் அன்றைக்கு வீடு துடைத்தபோது கோப்ளென்ஸ் அழிந்துபோனது. ஒரு நகரத்தையே தொலைத்துவிட்டேன் என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரிய வேண்டுமென்று அவர் ஊர்களுக்கெல்லாம் நம் பெயர் வைத்தார். "கோப்ளென்ஸ்னா நமக்குத் தென்காசின்னு வச்சுக்கோ. பிங்கன் நமக்குச் சிவகிரி. மலை பக்கத்துலயே இருக்கும்." பாக்கராக் பனவடலிசத்திரமாம். கோட்டையும் திராட்சைத் தோட்டமுமாக இருக்கிற ஊரைப் படத்தில் பார்த்தேன். பனவடலிசத்திரத்துக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

சனிக்கிழமைப் படகு காலை ஒன்பது மணிக்கு என்றார். "சனிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தரை ராகு காலம்" என்றேன் நான். மனிதர் அரண்டுபோனார். ராகு காலம் நம் ஊர்க் கடிகாரத்துக்கா, அந்த ஊர்க் கடிகாரத்துக்கா என்று யோசித்தார். அங்கே கோடையில் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், பகல் நீளம், அப்படியானால் ராகு காலமும் நீளம் என்று கணக்குப் போட்டு வேர்த்துவிட்டார். கடைசியில் அவரே ஒரு தீர்ப்பும் சொன்னார்: "ராகு நம்ம ஊரு ஆளு ஏட்டி. நமக்கே விசா இன்னும் கெடைக்கல. அவன் எப்பிடி அங்கன வருவான்?" சிரித்துவிட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தினமும் சாயங்காலம் அவருக்கும் மகளுக்கும் போனில் மாநாடு. நான் போனை எடுத்தால், சாப்பிட்டியா, குளிருதா என்று இரண்டு வார்த்தை. உடனே "அப்பாகிட்ட குடும்மா, ட்ரெயின் விஷயம் பேசணும்" என்பாள். அவர் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தத்தில் கீழே சரியாகக் கேட்கவில்லையாம். இத்தனை வருஷமும் அந்தத் தறிச் சத்தத்தில்தான் கிரிக்கெட் வர்ணனை கேட்டார், ஒரு சொல் விட்டதில்லை. அப்படி மணிக்கணக்காகப் பேச ட்ரெயினில் என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பெற்றவள் நான், பேச்செல்லாம் அவரிடமா? பொறாமைதான். ஒளிக்க என்ன இருக்கிறது.

சனிக்கிழமைத் திட்டத்தை அவர் ஒரு நாள் அறிவித்தார். காலையில் ரயிலில் கோப்ளென்ஸ் போவது, அங்கிருந்து படகில் பிங்கன் வரை திரும்பி வருவது. "ஏன், படகுல போயிட்டு ட்ரெயின்ல வரக்கூடாதா?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏட்டி, கோப்ளென்ஸ் மேக்க இருக்கு. மைன்ஸ் கெழக்க இருக்கு. ஆறு எங்க இருந்து எங்க ஓடும்?" எங்கள் பக்கத்தில் இதைச் சின்னப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். மலை மேற்கே இருக்கிறது, மழை மேற்கே பெய்கிறது, தண்ணீர் கிழக்கே வருகிறது. மேற்கை மேல என்றும் கிழக்கைக் கீழ என்றும் சொல்லிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு ஆறு வேறு திசையிலும் ஓடலாம் என்று தோன்றவே தோன்றாது. "மேக்க இருந்து கெழக்க. தண்ணி போற போக்குல படகு பறக்கும். வெரசா வந்துரலாம்" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அவர் சொல்லுக்கு மறு சொல் சொல்லவும் முடியாது. தப்பு என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. ஒரு தடவை சிவகிரியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, இவர் பேச்சைக் கேட்டு ஏறி, பனவடலிசத்திரத்தில் போய் இறங்கினோம். பட்டுச் சேலையோடு ரோட்டில் நிற்கிறேன். "நாம சரியாத்தான் ஏறினோம், பஸ்ஸுதான் தப்பா வந்துட்டு" என்றார். இன்று வரை அந்த பஸ் மீதுதான் குற்றம்.

விசாவுக்குச் சென்னை போனோம். பயணத் திட்டம் ஒன்று வேண்டும் என்றார்கள். இவர் ஒரு கட்டுத் தாளையே எடுத்து நீட்டினார். கவுண்டரில் இருந்த பெண் மேல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சார், ஒரு பக்கம் போதும்" என்றாள். இவருக்கு உயிரே போய்விட்டது. எந்தப் பக்கத்தைக் கொடுப்பது, எதை விடுவது? பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்துவிட்டார்கள். நான்தான் நடுவிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தேன். விசா வந்துவிட்டது. அதற்கும் அவருடைய திட்டம்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

ஜெர்மனிக்குப் போய் இறங்கியதும் கதை மாறியது. அங்கே ரயில் நேரத்துக்கு வரவில்லை! அவர் அந்த நாட்டைப் பற்றி நினைத்து வைத்திருந்தது என்ன, அங்கே நடந்தது என்ன. முதல் நாளே பிங்கன் ரயில் பிந்தியது. இரண்டாம் நாள் ஒரு ரயில் வரவே இல்லை, போர்டில் ஏதோ எழுதிக் காட்டினார்கள், அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களெல்லாம் பேசாமல் காபி குடிக்கப் போனார்கள். இவர் பிளாட்பாரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். "ஒரு விசில் மட்டும் கையில இருந்துச்சுன்னா…" என்றார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. "பரவால்ல ஏட்டி. நம்ம டிப்போவ குறை சொன்னவனையெல்லாம் இங்கன கூட்டிட்டு வந்து நிப்பாட்டணும்." அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தச் சந்தோஷத்தில் இருந்தார்.

வார நாட்கள் அப்படியே ஓடின. கோட்டைகளெல்லாம் மலை உச்சியில், என் முழங்கால் அடிவாரத்தில். அவர் ஏறிப் பார்த்துவிட்டு வந்து விவரம் சொல்வார், நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வேன். சாயங்காலம் மகள் வேலை முடிந்து வருவாள், களைத்திருப்பாள். ஊரிலிருந்து கொண்டுபோன கோயில் புற்றுமண்ணை அவள் நெற்றியில் இட்டுவிடுவேன். ஏர்போர்ட்டில் ஒரு நாய் அந்தப் பொட்டலத்தை மோந்து பார்த்துத் தும்மியதைச் சொல்லிச் சிரிப்போம். கேள்வியை மட்டும் எடுக்கவில்லை. சனிக்கிழமை இருக்கிறதே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. விடிகாலையில் ரயில் ஏறிக் கோப்ளென்ஸ் போய், படகின் மேல்தளத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். மடியில் புளியோதரைத் தூக்கு. படகு கிளம்பியது. கிளம்பியது என்றுதான் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதே சர்ச், அதே மரம். கரையில் ஒரு தாத்தா சைக்கிளில் வந்தார். எங்களைப் பார்த்துக் கையாட்டினார். அப்புறம் முந்திக்கொண்டு போய்விட்டார். எதிரே வந்த சரக்குப் படகுகளோ விர்விர்ரென்று எங்களைக் கடந்தன. தண்ணீரில் மிதந்து வந்த ஒரு கட்டை எங்களுக்கு எதிர்த் திசையில் போவதை நான் பார்த்தேன்.

"ஏங்க, தண்ணி எதுத்துல்லா வருது?" என்றேன்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா, இந்த ஆறு கெழக்க போகாது. மைன்ஸ்ல இருந்து கோப்ளென்ஸுக்குத்தான் ஓடுது. நாம ஏத்தத்துல போய்க்கிட்டிருக்கோம். நேரம் பாதிக்குப் பாதி கூட ஆகும்."

அவர் தண்ணீரைப் பார்த்தார். "அட, ஆமா. தப்பாப் போச்சே" என்றார். பிறகு எழுந்தார். "சரி, நான் அந்தப் பக்கம் போய் கோட்டையெல்லாம் பாத்துட்டு வாரேன்" என்று படகின் மறுமுனைக்குப் போனார். போனவர் வரவே இல்லை. துறைக்குத் துறை படகு நின்றது, ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். நானும் மகளும் மட்டும் இருந்தோம். புளியோதரையைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். இனி எதற்குக் காத்திருப்பது என்று கேட்டேவிட்டேன்.

"ஏட்டி, ஊருக்குத் திரும்பி வருவியா, மாட்டியா? உள்ளதச் சொல்லு."

அவள் கை தட்டிலேயே நின்றது. "வரலம்மா" என்றாள். பிறகு, தலை நிமிராமல், "இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். வந்துரும். வந்ததும் நம்ம பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுத்துரணும். ரெண்டும் வச்சுக்கிட முடியாது."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். பெற்று வளர்த்ததைச் சொன்னேன், எதிர்வீட்டு அக்காவைச் சொன்னேன், சொல்லக்கூடாத ஒன்றிரண்டையும் சொன்னேன். அவள் அத்தனையும் கேட்டுக்கொண்டாள். "அப்பம் நீ சங்கரன்கோவிலுக்கு வாரதுக்கு விசா வாங்கணுமா?" என்றேன்.

"அதுக்குன்னு ஒரு கார்டு தருவாங்கம்மா. அத வச்சு எப்பம் வேணும்னாலும் வரலாம்."

"அம்மையப் பாக்க கார்டா?"

அதற்குமேல் இருவராலும் முடியவில்லை. நன்றாக அழுதோம். பக்கத்து மேசையில் இருந்த ஒரு ஜெர்மன்காரி எழுந்து வந்து காகித நாப்கின் கொடுத்துவிட்டுப் போனாள். புளியோதரை காரம் என்று நினைத்திருப்பாள். அழுது முடித்த பிறகும் படகு போய்க்கொண்டே இருந்தது. பேச நேரம் இருந்தது. ஏன் என்று கேட்டேன், சொன்னாள். அங்கே அவளுக்கு இருக்கிற வேலை, சிநேகிதர்கள், ராத்திரி பயமில்லாமல் தனியாக நடந்து வருகிற ரோடு. ஊரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் புரிந்தது. கடைசியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மணி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. வாழ்நாளில் முதல் தடவையாக யாரும் எனக்கு மணி சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பினோம். வந்த மறுநாளே எதிர்வீட்டு அக்கா வந்தாள். "மக எப்பம் திரும்பி வாரா?" என்று வாயெடுத்ததுதான் தாமதம், இவர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "அக்கா, கூத்தக் கேளுங்க. மேக்க இருந்து கெழக்க ஓடும்னு நெனச்சு எதுத் தண்ணியில டிக்கெட் போட்டுட்டேன். சைக்கிள்காரன் எங்கள முந்திட்டுப் போறான்!" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள், கேள்வியை மறந்து வீட்டுக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டில் பழைய கூட்டாளிகளிடம் இதே கதை. கோயில் வாசலில் இதே கதை. "டைம் கீப்பருக்கு ஆறு எங்க ஓடுதுன்னே தெரியலயாம்" என்று ஊரே சிரித்தது. இவரும் சேர்ந்து சிரித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பனவடலிசத்திரத்து பஸ் மீது இன்றைக்கும் பழி போடுகிற மனுஷன், தன் தப்பைத் தானே தெருத்தெருவாகச் சொல்கிறாரா? அன்று சாயங்காலம் பிடித்துக்கொண்டேன்.

"உண்மையச் சொல்லுங்க. ஆறு எங்க ஓடுதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும்லா?"

"அவ எங்கிட்ட எப்பமோ சொல்லிட்டா" என்றார். "மாடியில வச்சு போன்லயே. உங்கிட்ட அவளே சொல்லணும்னா. சொல்லுததுக்கு நேரம் வேணும்ப்பா, தைரியம் வரணும்ப்பான்னா. தண்ணி போற போக்குல போற படகு வெரசா போயிரும் ஏட்டி. அதுக்குள்ள எங்க சொல்ல?"

கோபத்தில் அன்றைக்கு அவருக்குக் காபி போடவில்லை. அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள் என்று பொருமினேன். மறுநாள் காலையில் போட்டேன், சீனி போடாமல். குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

போன வாரம் அக்கா மறுபடியும் கேட்டாள். இவர் "அக்கா, கூத்தக் கேளுங்க" என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அவ வரமாட்டாக்கா. அங்கனதான் இருக்கப் போறா. நாங்கதான் போய்ப் பாத்துட்டு வரணும்" என்றேன். சொன்ன பிறகு ஒன்றும் இடிந்துவிழவில்லை. அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவர் உள்ளே வந்து சாக்பீஸைத் தேடினார். தரையில் மறுபடி ரைன். "அடுத்த கோடைக்கும் போவோம் ஏட்டி. இந்தத் தடவை மைன்ஸ் பக்கத்துல இருந்தே ஏறி, தண்ணி போற போக்குல கோப்ளென்ஸ் போயிருவோம். வெரசா போயிரலாம்."

"வேண்டாம்" என்றேன். "போன தடவை மாதிரி மெதுவா போற படகுலயே போடுங்க."